வீட்டுக்குள் கட்டிய கக்கூஸ்

எங்கள் வீட்டுக்குள் கக்கூஸ் கட்டியது நான். அண்ணன் வேண்டாம் என்றார். அயல் சிரித்தது. யாருக்காகக் கட்டினேனோ அந்த அம்மாவே பாதி மனத்தோடுதான் இருந்தார். ஆனாலும் கட்டினேன். சபையில் சொல்லக்கூடாத சொல் இது என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே எழும்பிப் போகலாம். நான் அந்தச் சொல்லை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கு விடியமுன் வரிசை, சீமெந்துக்குப் பேமிற், சீனிக்குக் கூப்பன் என்று இருந்த காலம். நான் திருகோணமலைக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தேன். வயது முப்பத்தேழு. கல்யாணம் பேச வந்தவர்கள் எல்லாரும் பேசிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீடு உட்துறைமுகத்துப் பக்கம், டொக்யாட் தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. அப்பா அதை எனக்குச் சீதனமாக எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். சீதனம் வாங்க ஆள் வரவில்லை, வீடு என் பெயரிலேயே நின்றது. அதில் எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அந்த வருடம் சித்திரையில் அம்மாவைப் பாரிசவாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இடக்கையால் சுவரைப் பிடித்து, வலக்காலை இழுத்து இழுத்துப் பத்துப் பன்னிரண்டு அடி நடக்கிற அளவுக்கு வந்தார். எங்கள் கக்கூசோ வளவின் பின்மதிலோடு இருந்தது. குசினிப் படியிறங்கி, கிணற்றடி தாண்டி, மணலில் நீள நடக்கவேண்டும். காலையில் கச்சேரிக்குப் போகமுன் அம்மாவைத் தாங்கிக்கொண்டு போவேன். பின்னேரம் நாலரைக்கு வந்ததும் மறுபடி கொண்டு போவேன். இடையில் தேவைப்பட்டால் என்று கட்டிலடியில் ஒரு சட்டி வைத்திருந்தேன். அது எப்போதும் காய்ந்தே கிடந்தது. அம்மா நல்லாய் அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு மோட்டுத்தனம்.

அம்மா அடக்கவில்லை. தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தார்.

ஆவணியில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதுதான் அது தெரிந்தது. டொக்டர் அம்மாவின் நாக்கைப் பார்த்தார், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மனுசிக்குத் தண்ணி குடுக்கிறேல்லையோ?" என்று எல்லார் முன்னிலும் ஏசினார். சலத்தில் கிருமி, சிறுநீரகம் வரை போகப் பார்த்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"குடிச்சால் போகவேணும். சட்டியிலை இருக்க நான் என்ன சின்னப் பிள்ளையோ? இந்த அறைக்குக் கதவுமில்லை, வெறும் சீலைதான் தொங்குது. பகல் முழுக்க அயலிலை ஆரும் ஒருத்தர் எட்டிப் பாக்கினம். ஆரும் பாக்க நான் அப்பிடி இருக்க ஏலாது."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மாவில் அல்ல. ஒரு மனுசி வெட்கத்துக்காகத் தாகத்தோடு கிடக்கிறார். நானோ தினமும் கச்சேரியில் அடுத்தவர் வீட்டு விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவின் அறையை ஒட்டி ஒரு குளிப்பறை இருந்தது. மழைகாலத்தில் கிணற்றடிக்குப் போகாமல் குளிக்கலாம் என்று அப்பா கட்டியது. ஒரு சீமெந்துத் தொட்டி, நிலத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். குளித்த தண்ணீர் ஓட்டையால் இறங்கி நேரே வாழைக்குப் போகும். அம்மாவின் கட்டிலிலிருந்து அதன் வாசலுக்கு ஒன்பது அடி. அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். அதைத் திருத்தி ஒரு கொமட் வைத்தால் அம்மா தானாகப் போய்த் தானாக வரலாம். ஒரேயொரு சிக்கல். அந்தக் குளிப்பறைச் சுவரின் மறுபக்கம் சாமியறை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வந்தார். அவருக்கு அங்கே மனைவி பக்கத்து வீடு, கொஞ்சம் வயல், கோயில் சபையில் ஒரு பதவி. நான் சொன்னதைக் கேட்டுக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"சாமியும் கக்கூசும் ஒரே கூரைக்குக் கீழையோ? உனக்கென்ன விசரோ?"

"ஓம், விசர்தான்."

"அப்பிடி எண்டால் அம்மாவை நான் சாம்பல்தீவுக்குக் கொண்டு போறன்."

"உங்கடை கக்கூஸ் எங்கை இருக்கு, அண்ணை?"

அவருடையது பனைகளுக்குப் பின்னால், எங்களுடையதைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அங்கே போனால் அம்மா முழுநாளும் தண்ணீர் குடிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து அம்மாவைத் தூக்குமெண்டால் நான் கட்டேல்லை. வீடு எனக்கு எழுதினது, அண்ணை."

அதுவரை ஒருநாளும் அந்த வசனத்தை நான் அவருக்குச் சொன்னதில்லை. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சரி, கட்டு. மார்கழியிலை அப்பாவின்ரை திவசம். ஐயரும் சொந்தக்காரரும் வந்து இருக்கேக்கை துளி மணம் வந்தாலும், அண்டைக்கே ஆளைப் பிடிச்சு உடைப்பன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு வீடு எனக்கு எழுதினது எண்டு நீ தனியச் சொல்லிக்கொண்டிரு."

அவர் அதைச் செய்யக்கூடியவர். மூத்த மகன் தர்ப்பை போட்டுக்கொண்டு உட்காராவிட்டால் திவசமே இல்லை. அந்த ஒரு பிடியில் முழு வீட்டையும் ஆட்டுவார். அம்மா உள்ளே படுத்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொமட் கிடைப்பது எங்கள் ஊரில் கஷ்டமில்லை. வெள்ளைக்கார நேவி போகும்போது விட்டுப்போனதில் பாதி பழைய இரும்புக்கடைகளில்தான் கிடந்தது. எந்தத் தளபதியின் பங்களாவில் இருந்ததோ தெரியாது, விளிம்பில் நீலப்பூப் போட்ட ஒரு கொமட்டும், மேலே சுவரில் மாட்டுகிற இரும்புத் தண்ணீர்த்தொட்டியும், அதற்கொரு சங்கிலியும் எடுத்தேன். அதே கடையில்தான் பைப் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் நானாவையும் கண்டேன். கிண்ணியாக்காரர். டொக்யாட்டில் வெள்ளைக்காரனிடமும் பிறகு எங்கள் ஆட்களிடமும் பல வருடம் வேலை செய்தவர். சாமியறைக்கு அடுத்த சுவர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சுவருக்குக் காது கிடக்கட்டும், மூக்கு இல்லத்தானே?" என்றார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

நானா நிலத்தைக் கிண்டிக் குழாய் போட்டார். கொமட்டிலிருந்து வருவது ஒன்று, நிலத்து ஓட்டையிலிருந்து வருவது ஒன்று. இரண்டும் வெளியே ஒன்றாகச் சேர்ந்து குசினிக்கு அப்பால் வெட்டிய குழிக்குப் போயின. நிலத்து ஓட்டைக்குக் கீழே வளைந்த துண்டு ஒன்று வைத்தார். அந்த வளைவில் எப்போதும் ஒரு கோப்பையளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு, அது நிற்குமட்டும் குழி மணம் வீட்டுக்குள் வராது என்றார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, இரும்புக்குழாய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வெளிச்சுவரோடு நிறுத்தி, ஓட்டுக்கூரையின் முகட்டுக்கு மேலே போகும்வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டத் தொடங்கினார்.

"இது என்னத்துக்கு நானா? இதாலை ஒண்டும் போகாதே?"

"காத்துப் போகும் தங்கச்சி."

"காத்துக்கும் குழாயோ?"

அவர் கீழே இறங்கினார். "டின்பால் உடைக்கக்குள்ள எத்தின ஓட்டை போடுவீங்க?"

"ரெண்டு."

"ஒண்ணு போட்டா?"

"களக்கு களக்கெண்டு விக்கி விக்கித்தான் ஊத்தும்."

"அதான். சங்கிலிய இழுத்தா அவ்வளவு தண்ணியும் ஒரே பாய்ச்சலாப் பாஞ்சு ஓடும். ஓடுற தண்ணி பின்னால காத்தை இழுக்கும். மேலால காத்து வந்தா சரி. வராட்டி, பக்கத்து வளைவுல நிக்கிற தண்ணிய உறிஞ்சி எடுத்துக்கிட்டுப் போயிரும். பொறகு கதவு திறந்து கிடந்த மாதிரித்தான், குழி மணம் முழுக்க வீட்டுக்குள்ள இரிக்கி."

குழாய் முகட்டுக்கு மேலே மூன்றடி உயரத்தில் நின்றது. துறைமுகத்து ஊரில் கேலிக்கு இது போதும். அடுத்த நாளே எதிர்வீட்டுக்காரர் மதிலால் தலையை நீட்டி, "உங்கடை கப்பல் எப்ப வெளிக்கிடுது?" என்று கேட்டார். "உங்களை ஏத்தத்தான் நிக்குது" என்றேன்.

நானா சங்கிலியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு சத்தமாகப் பாய்ந்து போனது. நிலத்து ஓட்டைக்குள் டோர்ச் அடித்து, வளைவில் தண்ணீர் அசையாமல் நிற்பதைக் காட்டினார். பிறகு கிண்ணியாவுக்குப் போய்விட்டார். அதோடு மாரிமழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி, கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றும் படகும் ஓடவில்லை.

மிச்ச வேலை மேசனுடையது. அவர் சாம்பல்தீவு ஆள், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அம்மாவை மாமி என்பார். குழாயைச் சுற்றி ஓடுகளைத் திரும்ப அடுக்கி, சுவருக்குச் சாந்து பூசி, நிலத்தைச் சிவப்புச் சீமெந்து போட்டு இழைத்தார். நிலம் இறுகும்வரை ஒரு கிழமைக்கு அம்மாவை நடக்கவிடக்கூடாது என்று சொன்னார். நான் மட்டும் பலகை போட்டு உள்ளே போய், நாளுக்கு ஒருதரம் ஆசைக்குச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன்.

இரண்டாம் நாள் இழுத்தபோது நிலத்து ஓட்டை களக்கு களக்கென்று கத்தியது. மூன்றாம் நாள் விடிய எழும்பினால் வீடு நாறியது.

சும்மா மணம் இல்லை. ஆற்றுச்சேறும் அழுகிய முட்டையும் சேர்ந்ததுபோல ஒன்று. சாமியறையில் சாம்பிராணியையும் மீறி நின்றது. பழைய கக்கூசின் கழிவையும் இந்தப் புதுக் குழிக்கே வெட்டிவிட்டிருந்ததால் குழி ஏற்கெனவே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வளைவு காய்ந்து கிடந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், மணம் அடங்கியது. சங்கிலியை இழுத்தேன், களக்கு களக்கு, மறுபடி மணம். சங்கிலியை இழுக்காமல் ஒரு கக்கூசை எப்படிப் பாவிக்கிறது?

அம்மா மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தார். "நான் அங்கை போகேல்லை" என்றார். "போனால் என்னாலைதான் வீடு மணக்குது எண்டு சொல்லுவினம்." அன்று முழுக்க அரைக் கோப்பை தேத்தண்ணிதான் குடித்தார். பின்னேரம் அவருடைய உதடு மறுபடி வெடித்திருப்பதைக் கண்டேன். திவசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மணம் சாம்பல்தீவுக்குப் போனதோ, மேசன் போய்ச் சொன்னாரோ தெரியாது. அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். வந்தபோது நான் இருந்த கோலத்தையும் சொல்லவேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. சாமியறையில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து, நிலத்து ஓட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மற்றக் கையில் சங்கிலி. இழுத்ததும் புகை வளைந்து ஓட்டைக்குள்ளே போனது. வாசலில் அண்ணன் நின்றார்.

"சாமிக்கு வைக்கிறதைக் கொண்டுவந்து கக்கூசுக்குக் காட்டுறாய்!"

"ஓம். பூசை நடக்குது. விபூதி வேணுமெண்டால் நில்லுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் அறைக்குள் போய், எனக்குக் கேட்கும்படியாக, "உடுப்புகளைக் கட்டி வையுங்கோ அம்மா, திவசம் முடிய வெளிக்கிடுவம்" என்றார். அந்தக் கிண்ணியாக்காரனுக்கு வேலை தெரியாது என்றும் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அவர் இருக்கேக்கை மணக்கேல்லை!" என்று கத்தினேன். "அவர் மூண்டுதரம் இழுத்தவர், ஒருக்காலும் மணக்கேல்லை!"

கத்தியபிறகுதான் நான் சொன்னதே எனக்குக் கேட்டது. நானா போன அன்று சரியாக இருந்தது. இரண்டு நாளில் கெட்டுப்போனது. இடையில் குழாயில் கைவைத்தது யார்? காற்று மேலால் வரவில்லை என்பதால்தான் புகையை உள்ளே உறிஞ்சுகிறது. அப்படியென்றால் மேலே என்ன?

நான் வெளியே ஓடிவந்து கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். முகட்டுக்கு மேலே குழாய். குழாயின் வாயில் கவிழ்த்தபடி ஒரு கறுத்த பானை, வயிறு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி. ஊர்க்கண் படாமல் வைக்கிற கண்ணூறுப் பானை.

அதை நான் ஒரு கிழமையாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உடுப்புக் காயப்போடும்போது பார்த்தேன், தண்ணீர் அள்ளும்போது பார்த்தேன். எங்கள் ஊரில் புதிதாக எது எழும்பினாலும் அதன் உச்சியில் ஒரு புள்ளிப்பானை இருக்கும். பாதி கட்டிய வீட்டில் இருக்கும், காய்த்த பூசணிப் பந்தலில் இருக்கும். அது இல்லாவிட்டால்தான் கண்ணில் குத்தும். கச்சேரியில் கோப்புக்குக் கோப்பு பிழை பிடிக்கிற நான் அதைப் பார்த்து, லட்சணமாய்த்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

மேசன் அடுத்த நாள் வந்தார். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். "நான்தான் வைச்சனான் அக்கா. மழைக்காத்துக்கு விழுந்திடும் எண்டு சாந்தும் பூசினனான். மாமி வைக்கச் சொன்னவ."

அம்மா!

உள்ளே போய்க் கேட்டேன். அம்மா என் கண்ணைப் பார்த்தே சொன்னார். "ஓம், நான்தான் யன்னலாலை கூப்பிட்டுச் சொன்னனான். ஒழுங்கை முழுக்க அண்ணாந்து பாத்துக் கப்பல் கப்பல் எண்டு சொல்லுது. பங்குனியிலை அந்தக் கலியாண வீட்டிலை எல்லாரும் என்ரை நடையைப் பாத்து, இந்த வயசிலையும் என்ன நடை எண்டு சொன்னவை. பத்து நாளிலை கால் போச்சு. இனி உனக்கும் ஒண்டு வர வேணுமோ?"

நான் காற்றைப் பற்றிச் சொன்னேன், டின்பால் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கு என்னைவிட மூளை. விளங்கியும் ஏற்கவில்லை.

"பானையை எடுக்காதை. அண்ணன் கக்கூசை உடைக்கிறதெண்டால் உடைக்கட்டும். நான் தண்ணி குடியாமல் கிடந்து பழகினனான்."

அப்போது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினேன். "எனக்கு வாறதெண்டால் வரட்டும்! ஒரு ஊர்க் கண் எல்லாம் சேர்ந்து என்ரை தலையிலை விழட்டும்! நீங்கள் குடியாமல் கிடந்து சாகிறதை நான் இனிப் பாக்கமாட்டன்!" அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியது அதுவே முதல் தரம். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மேசனிடம் போய்ப் பானையை எடுக்கச் சொன்னேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். "பால் காய்ச்சமுன்னம் எடுக்கிறேல்லை அக்கா. எனக்கு நாலு பிள்ளையள். வேணுமெண்டால் ஏணியைப் பிடிக்கிறன்."

"பிடி."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுத்தியலை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறினேன். முப்பத்தேழு வயதில் கூரையில் ஏறிய பெண் அந்த ஒழுங்கையில் வேறு யாரும் இல்லை. மழை விட்டிருந்தது, ஓடுகளில் பாசி வழுக்கியது. நான்கு கால்களில்தான் போனேன், அதை மறைக்கவில்லை. முகட்டில் கால் போட்டு உட்கார்ந்தபோது உட்துறைமுகம் முழுதும் தெரிந்தது. எதிர்வீட்டில் குடும்பத்தோடு வெளியே வந்து நின்றார்கள். "எல்லாரும் வடிவாப் பாருங்கோ!" என்று மேலேயிருந்து சொன்னேன்.

முதல் அடிக்குப் பானை கீறியது. மூன்றாம் அடிக்கு உடைந்தது. துண்டுகள் ஓட்டில் உருண்டு கீழே விழுந்தன. உள்ளே அடைபட்டிருந்த காற்று என் முகத்தில் நேரே அடித்தது. வாந்தி வரப்பார்த்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மேசன் பூசியிருந்த சாந்தைக் கொத்தி எடுத்து, விளிம்பைத் துடைத்து, உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தேன். பிறகு மேசனிடம் சங்கிலியை இழுக்கச் சொல்லிக் கூப்பிட்டேன்.

மேசன் ஏணியை விடவில்லை. ஆனால் கீழே தண்ணீர் பாய்ந்தது. உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் யோசிக்க முன்னமே குழாய் என் உள்ளங்கையை உறிஞ்சிப் பிடித்தது. இரும்பு உயிரோடு இருந்ததுபோல் கையை இழுத்தது. கையை எடுத்தேன், காற்று இரைந்துகொண்டு உள்ளே இறங்கியது. கீழேயிருந்து களக்கென்று ஒரு சத்தமும் இல்லை.

இறங்கிப்போய்ப் பார்த்தேன். அம்மா குளிப்பறையில், சீமெந்துத் தொட்டியில் சாய்ந்துகொண்டு, இடக்கையில் சங்கிலியோடு நின்றார். கட்டிலிலிருந்து ஒன்பது அடியும் தானாகவே நடந்து வந்திருக்கிறார். "சரியோ?" என்று மட்டும் கேட்டார். ஓட்டைக்குள் டோர்ச் அடித்தேன். வளைவில் தண்ணீர் நின்றது. "சரி" என்றேன். இரண்டு பேருக்கும் இன்னும் கோபம்.

மணம் போய்விட்டது என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் நம்பவில்லை. திவசத்தன்று விடிய வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பறைக் கதவுக் கொளுக்கியை வெளியே மாட்டி, கயிற்றால் ஒரு முடிச்சும் போட்டார்.

"ஐயர் போகுமட்டும் ஒருத்தரும் இதைத் திறக்கக்கூடாது. மணமில்லை எண்டு சொல்லுறாய், சரி. ஆனால் அப்பாவுக்குக் கிரியை நடக்கேக்கை அடுத்த சுவருக்குள்ளை அந்த வேலை வேண்டாம். எல்லாரும் போனபிறகு அம்மாவைக் கொண்டு போறதோ, விடுறதோ எண்டு பாப்பம்."

நான் முடிச்சில் கைவைத்தேன். "விடு பிள்ளை" என்றார் அம்மா. என்னைத் தடுத்ததில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குசினிக்குள் போய் வாழைக்காயை வெட்டு வெட்டென்று வெட்டினேன்.

பத்து மணிக்கு ஐயர் வந்தார். சொந்தக்காரர் முன்ஹோல் முழுக்கப் பாயில் இருந்தார்கள். அண்ணன் தர்ப்பை போட்டுக்கொண்டு ஐயருக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மாவை அவருடைய அறை வாசலில் கதிரை போட்டு இருத்தினோம். ஐயர் மந்திரம் தொடங்கினார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "தண்ணி" என்றார். ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாரும் பார்க்க அண்ணாந்து, நிறுத்தாமல், முழுதையும் குடித்தார். "இன்னுமொண்டு" என்றார். அதையும் குடித்தார். அண்ணன் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கண்ணால் எங்களைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் போனது. அண்ணன் பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கதிரையிலிருந்து எழும்பினார். நான் ஓடிப்போனேன். கையைத் தட்டிவிட்டார். இடக்கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலக்காலை இழுத்து இழுத்து, குளிப்பறைப் பக்கம் நடந்தார். அறைச்சீலையை ஒதுக்கிக் கட்டியிருந்ததால் ஹோலில் இருந்து பார்த்தால் அந்தக் கதவு நேரே தெரியும். எல்லாரும் பார்த்தார்கள். ஐயரின் குரல்கூடக் கொஞ்சம் தாழ்ந்தது.

"அம்மா," என்றார் அண்ணன், சோற்றுக் கையோடு. "ஐயர் இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைக் கையாலும் பல்லாலும் கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த கயிறு கீழே விழுந்தபிறகுதான் பேசினார்.

"எட்டு மாசம் பொறுத்தனான், தம்பி."

உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஹோல் முழுக்கக் கேட்டது. எல்லாரும் பாயைப் பார்த்தார்கள், ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன ஆனாலும் கண்ணை எடுப்பதில்லை என்று நின்றேன்.

பிறகு சங்கிலி இழுபட்டது. தண்ணீர் ஒரே பாய்ச்சலாக இறங்கிச் சுவருக்குள்ளால் ஓடி வெளியே போனது. அண்ணனுடைய மூக்கு ஒருதரம் விரிந்தது. இன்னொருதரம் விரிந்தது. ஹோலில் சாம்பிராணியும் எள்ளும் வாழையிலையும் மட்டும்தான் மணத்தன. அவர் கீழே குனிந்தார்.

அம்மா முகம் கழுவி, தலைப்பைச் சரிசெய்து, கதவைத் திறந்துகொண்டு வந்து கதிரையில் இருந்தார். மகனைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? அப்பாவுக்குப் பிண்டத்தை வை."